கம்பி அறுந்த வாரம்

இருபத்தாறு வருடம் மற்றவர்களைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்தவள் மில்கா. மும்பையை அடுத்த தாணேயில் ஒரு பெண்கள் பள்ளி விடுதியின் வார்டன். மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் கேட்டில் நிற்கவேண்டியதுதான், அழுதாலும் சரி, மயக்கம் போட்டாலும் சரி. அப்படிப்பட்டவள் ஓய்வு பெற்ற மறுவருடம், ஐம்பத்துநாலு வயதில், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஜெருசலேமுக்குப் படிக்க வந்து தானே ஒரு விடுதி மாணவியாகிவிட்டாள். விதிமுறைத் தாளில் கையெழுத்துப் போடும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

யூதப் பெண்களுக்கான ஒரு வருட வேதப் படிப்பு அது. வெளிநாட்டு மாணவிகளுக்கு ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வீடு கொடுத்திருந்தார்கள். ஆறு பேருக்கு மூன்று அறை, ஒரே ஒரு குளியலறை. பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது என்பதால், சமையலறையில் பால் பாத்திரங்களுக்கு நீலத் தாள் ஒட்டியிருக்கும், இறைச்சிப் பாத்திரங்களுக்குச் சிவப்பு. மற்ற ஐந்து பேரும் இருபது வயதைத் தாண்டாத பெண்கள். சிவப்பையும் நீலத்தையும் கலந்துவிடாமல் அவர்களைக் காப்பாற்றுவதே மில்காவுக்குப் பாதிப் படிப்பாக இருந்தது. அவர்கள் கையில் கொடுத்த வீட்டுச் சாவியும் ஒன்றே ஒன்று. அது யாரிடம் இருக்கவேண்டும் என்று யாரும் பேசக்கூட இல்லை.

ஆசிரியை தெஹிலாவுக்கு முப்பத்தொரு வயது. இடுப்பில் எப்போதும் ஒரு கைக்குழந்தை இருக்கும். மில்கா அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டாள். "பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்று தெஹிலா இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டாள்.

குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. விடிந்ததிலிருந்து பேய்க்காற்று. மதியம் அறிவிப்பு வந்தது: கம்பி அறுந்துவிட்டது, இந்தச் சபாத்துக்குள் சரிசெய்ய முடியாது.

சபாத் என்பது அவர்களுடைய ஓய்வு நாள். வெள்ளி மாலை தொடங்கி சனி மாலை முடியும். அந்த நாளில் வீட்டுக்கு வெளியே எதையும் சுமந்து போகக் கூடாது என்பது சட்டம். ஊரைச் சுற்றிக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்திருந்தால் மட்டும், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே வீடு என்று வைத்துக்கொள்வார்கள், அப்போது சுமக்கலாம். கம்பி அறுந்தால் போச்சு. கைக்குட்டை கூடக் கூடாது, கைக்குழந்தை கூடக் கூடாது.

"அப்ப சாவி?" என்றாள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தாலியா.

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாளை மதியச் சாப்பாடு தெஹிலாவின் வீட்டில். இருபது நிமிட நடை. வீட்டுக் கதவோ இழுத்தால் தானாகவே பூட்டிக்கொள்ளும் ரகம். திறந்துபோட்டுவிட்டும் போக முடியாது. போன மாதம்தான் கீழ்வீட்டில் பட்டப்பகலில் இரண்டு லேப்டாப் காணாமல் போயிருந்தது.

"பூந்தொட்டிக்கு அடியில வச்சிட்டுப் போலாமா ஆன்ட்டி?"

"திருடன் முதல்ல அங்கதான் பாப்பான்" என்றாள் மில்கா. "நான் டீச்சர்கிட்ட கேட்டுட்டு வரேன்."

கேட்கவேண்டியது இன்னொன்றும் இருந்தது. அதைப் பெண்களிடம் சொல்லவில்லை.

தெஹிலாவின் சமையலறையில் அடுப்பு முழுக்கப் பாத்திரங்கள். மில்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு சாவிகள்.

"இது இங்கத்த வீட்டுச் சாவி. இது தாணே வீட்டுச் சாவி."

"அதையும் கூடவே வச்சிருக்கீங்களா?"

"வந்த நாளிலேர்ந்து." மில்கா தாணே சாவியைக் கட்டைவிரலால் தேய்த்தாள். பித்தளை, பழசு. "அந்த வீட்டை வாங்க ஆள் வந்திருக்கு டீச்சர். ரெண்டு தடவை அப்புறம் சொல்றேன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில சொல்லலேன்னா வேற வீடு பாத்துடுவாங்களாம். என் பையன் ஹனோக் புனேயிலேர்ந்து தினமும் கேக்கறான்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் கல்யாணம் ஆகி வந்த வீடு. அவர் கண்ணை மூடினதும் அங்கதான். அதைக் கொடுத்துட்டா எனக்குன்னு திரும்பிப் போக ஒரு இடம் இருக்காது. வச்சிருந்தாலோ, ஒவ்வொரு மழைக்கும் ஒழுகுது. அவன்தான் லீவு போட்டுட்டு ஓடறான்." அவள் குரல் இறங்கியது. "எனக்கு ராத்திரி தூக்கம் போச்சு. கொடுக்கவா, வேண்டாமா? நீங்க எது சொன்னாலும் கேக்கறேன்."

தெஹிலா குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள்.

"உங்க கோட்டுல ஏன் பொத்தானே இல்ல?"

மில்காவுக்குச் சுருக்கென்றது. என்ன கேட்கிறோம், என்ன பதில் வருகிறது! ஆனாலும் டீச்சர் கேட்டால் சொல்லத்தான் வேண்டும்.

"விடுதியில பழைய துணி போடற பொதுப் பெட்டியிலேர்ந்து எடுத்தது. கடைசிப் பொத்தான் நேத்துதான் போச்சு."

"நல்லதாப் போச்சு. சாவியை எப்படிக் கொண்டுவரலாம்னு இருக்கீங்க?"

மில்கா எழுந்து நின்று, சாவியை இடுப்போரம் தொங்கவிட்டுக் காட்டினாள். வார்டனாக இருந்தபோது முப்பது சாவிக் கொத்தும் அங்கேதான் தொங்கியது. "இப்படி."

"அது சுமக்கறது. கூடாது."

தெஹிலா ஒரு அலமாரியைத் திறந்து அகலமான நாடா ஒன்றை எடுத்தாள். அதன் ஒரு முனையில் சின்னக் கரண்டியைக் கட்டினாள். மறுமுனையைக் கண்ணியாக முடிந்தாள். நாடாவை மில்காவின் கோட்டைச் சுற்றி வளைத்து, கரண்டியைக் கண்ணிக்குள் நுழைத்துக் குறுக்காகத் திருப்பினாள். கோட்டு கச்சிதமாக மூடிக்கொண்டது.

பிறகு கரண்டியைக் கண்ணியிலிருந்து உருவினாள். நாடா தரையில் விழுந்தது, கோட்டு திறந்துகொண்டது.

"பாத்தீங்களா? அது இல்லேன்னா பெல்ட் அவுந்து விழணும். அப்பதான் அது உடுத்தறது. உடுத்தறதை எங்க வேணும்னாலும் போட்டுட்டுப் போலாம். கரண்டிக்குப் பதிலா சாவியை வச்சுத் தைச்சுக்குங்க."

"சரி டீச்சர். அந்த வீட்டு விஷயம்?"

"வெளிச்சம் போயிட்டிருக்கு. போய்த் தைங்க."

மில்காவுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் சபாத்துக்கு முந்தைய கடைசி மணி நேரத்தின் ரகளை. குளியலறைக் கதவை மூன்று பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சிவப்புத்தாள் சட்டியில் நீலத்தாள் கரண்டியை விடப் போய், மில்கா போட்ட சத்தத்தில் கரண்டியைக் கீழே போட்டாள். மில்கா மேசையில் கைக்குட்டையை விரித்து ஊசியில் நூல் கோத்தாள். போன் அடித்தது.

"அம்மா, ஒரே வார்த்தை. ஆமா, இல்ல. ஏதாவது ஒண்ணு சொல்லு" என்றான் ஹனோக்.

"மேல் அறை ஜன்னல் மூடியிருக்கா?"

"மூடியிருக்கு. பேச்சை மாத்தாதே."

"அப்பாவோட நாற்காலி?"

"அம்மா!"

"சபாத் முடிஞ்சதும் சொல்றேன்டா. கண்டிப்பா சொல்றேன்." போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கையோ தன்பாட்டில் தைத்துக்கொண்டிருந்தது. நூலை அறுத்துவிட்டு, விளக்கேற்ற ஓடினாள்.

மறுநாள் மதியம் ஆறு பேரும் புறப்பட்டார்கள். மில்கா வாசலில் நின்று ஒவ்வொருத்தியாக எண்ணி வெளியே அனுப்பினாள். பழக்கம் விடுமா? கதவை இழுத்தாள். க்ளிக்.

தெருவில் காற்று ஆளைத் தள்ளியது. தாலியாவின் கழுத்துத் துணி பறந்துபோய் ஒரு முள்செடியில் மாட்டிக்கொண்டது. மில்காவின் கோட்டு மட்டும் அசையவில்லை. பெல்ட்டின் முன்பக்கம் சாவி குறுக்கே மாட்டியிருந்தது.

தன் வீட்டு வாசலில் தெஹிலா பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். "கெட்டியா தைச்சிருக்கீங்க" என்றாள்.

சாப்பாடு, பாட்டு, மறுபடி சாப்பாடு. மூன்று மணிக்குத் திரும்பி நடந்தார்கள். மூன்று மாடி ஏறி, மில்கா சாவியைக் கண்ணியிலிருந்து எடுத்துப் பூட்டில் நுழைத்தாள். நுழையவில்லை. திருப்பி நுழைத்தாள். அப்புறம்தான் கையில் இருப்பதைப் பார்த்தாள்.

பித்தளை.

இங்கத்த வீட்டின் சாவி உள்ளே, மேசைமேல், விரித்த கைக்குட்டையில் இருக்கிறது. அலுவலகத்தில் இன்னொரு சாவி உண்டு; அலுவலகம் பூட்டியிருக்கும். சபாத்தில் போனைத் தொடக்கூடாது, தொடலாம் என்றாலும் அதுவும் உள்ளேதான் இருக்கிறது.

"என்ன ஆன்ட்டி?"

"தாணே சாவியைத் தைச்சிட்டேன்" என்றாள் மில்கா.

ஐந்து பெண்களும் குளிரில் நிற்கிறார்கள், தன்னை நம்பி வந்தவர்கள். மில்காவுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. கதவு மூலையிலிருந்து மெதுவாகத் தாலியாவின் குரல் வந்தது.

"ஆறு மணிக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் கேட்டுல நிக்கணும்னு சொல்வீங்களே ஆன்ட்டி. இப்ப மூணரைதானே ஆகுது!"

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. மில்காவும் சிரித்தாள், ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, ஐந்து பேரையும் எண்ணி, வந்த வழியே நடத்திக் கூட்டிப்போனாள்.

தெஹிலா கதவைத் திறந்து ஆறு பேரையும் பார்த்தாள். பெல்ட்டைப் பார்த்தாள். மெத்தைகளை இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பெண்கள் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்துத் தூங்கிப்போனார்கள். நடுவில் தெஹிலாவின் பெரிய குழந்தைகள் இரண்டும் கிடந்தன. யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்று பார்த்த பிறகுதான் மில்காவுக்கு மூச்சு வந்தது.

வெந்நீர்க் கலத்திலிருந்து தெஹிலா டீ பிடித்துக் கொடுத்தாள்.

"என் கை ஏன் டீச்சர் இந்தச் சாவியை எடுத்துச்சு? அந்த வீட்டைக் கொடுக்காதேன்னு அர்த்தமா?"

"சபாத்தில விக்கறது வாங்கறது பேசக் கூடாது."

மில்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கோட்டைப் பத்திப் பேசலாம்" என்றாள் தெஹிலா. "வெளியில காத்து எப்படி?"

"ஆளைத் தூக்குது."

"அதுல இங்க வந்து, அங்க போய், மறுபடி இங்க வந்திருக்கீங்க. மூணு நடை."

"ஆமா."

"வழியில கோட்டு எத்தனை தடவை திறந்துச்சு?"

மில்கா பெல்ட்டைக் குனிந்து பார்த்தாள். "திறக்கவே இல்ல."

"அதே சாவியால கதவு?"

"அதுவும் திறக்கல."

தெஹிலா தலையை ஆட்டிவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போனாள். எந்தக் கதவையும் திறக்காமல் கோட்டை மட்டும் மூடிப் பிடித்திருந்த அந்தச் சாவியை மில்கா ஒரு கையால் தடவிக்கொண்டே, மறுகையில் டீயோடு உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிப்போனது அவளுக்குத் தெரியவில்லை. தோளில் இத்தனை மாதமாக ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ, எப்போது இறங்கியது என்றும் தெரியவில்லை.

ஜன்னலில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் சபாத் முடிந்தது. சபாத்தை வழியனுப்பும் சடங்காகப் பின்னல் மெழுகுவர்த்தியை ஏற்றி, வாசனைப் பொடியை முகர்ந்து, மெழுகுவர்த்தியைத் திராட்சை ரசத்தில் அணைத்தார்கள். தெஹிலா போன் போட்டுக் கேட்டதும், மாற்றுச் சாவியோடு ஆள் கிளம்பிவிட்டான் என்று அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். பெண்கள் ஓவென்று கத்தினார்கள்.

மில்கா தெஹிலாவின் போனை வாங்கி, மகனின் எண்ணை மனப்பாடமாக அழுத்தினாள். குளிருக்குக் கோட்டைக் கழற்றவே இல்லை.

"ஹனோக், கொடுத்துடு."

அந்தப் பக்கம் அவன் நீளமாக மூச்சு விட்டது கேட்டது.

"நிஜமாவா அம்மா?"

"நிஜமாத்தான். அவங்க அந்த வீட்டுல நல்லா இருக்கட்டும். அப்பா நாற்காலியை மட்டும் நீ எடுத்துக்கோ."

"சரிம்மா." அவன் குரலே மாறிவிட்டது. "நீ அழறியா?"

"இல்லடா. நல்லாத்தான் இருக்கேன்."

"உன்கிட்ட இருக்கற சாவியையும் அனுப்பிடு. அவங்க கேப்பாங்க."

"பூட்டை மாத்திக்கச் சொல்லு. இந்தச் சாவி வராது."

"ஏம்மா? வீடே கொடுத்தாச்சு. சாவியை மட்டும் அங்க எதுக்குச் சுமந்துக்கிட்டுத் திரியப்போற?"

மில்கா போனைக் கையால் மூடிக்கொண்டு தெஹிலாவின் பக்கம் திரும்பினாள்.

"சாவியை எதுக்குச் சுமந்துக்கிட்டு இருக்கேன்னு கேக்கறான் டீச்சர். என்ன சொல்ல?"

தெஹிலா குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே அவள் கோட்டைப் பார்த்தாள்.

"சுமக்கல, உடுத்தியிருக்கேன்னு சொல்லுங்க."