எல்லோரிடமும் சொன்ன ஆள்காட்டி

காட்டு மடு ஒன்றின் மணல்திட்டில் கூவாயி என்ற ஆள்காட்டிக் குருவி குடியிருந்தாள். நரி வந்தாலும் கத்துவாள், நரியின் நிழல் போனாலும் கத்துவாள். ஒருமுறை சருகு விழுந்ததற்குக் கத்தி மான் கூட்டத்தையே ஓடவைத்த பெருமையும் அவளுக்கு உண்டு.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் தொண்டை அடைத்துக்கொண்டது.

உச்சி வெயிலில் முதலை வாயைப் பிளந்தபடி கரையில் படுத்திருந்தது. நீர்நாய் நீராத்தாவின் மகன் துள்ளன் மெல்லப் போய் அதன் பல்லைத் தொட்டுவிட்டு ஓடிவந்தான். முயல்குட்டியும் தாழைக்கோழிக் குஞ்சும் கண் கொட்டாமல் பார்த்து நின்றன.

"நாளைக்கு உங்க முறை. பயந்தவன் என்கூட வரவேண்டாம்!" என்றான்.

போன கோடையில் அவன் அப்பா மீன்வலையில் சிக்கிச் செத்தார். அதிலிருந்தே பையன் சரியில்லை.

கத்த வாயெடுத்த கூவாயி மூடிக்கொண்டாள். கத்தினால், ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் நீராத்தாவின் மனசு புண்படும். கத்தாவிட்டால் யார் வீட்டுப் பிள்ளையோ முதலைக்குப் பலகாரம். யோசித்து யோசித்து நாகரிகமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

வீடு வீடாகப் போய்க் காதோடு காதாகச் சொன்னாள். முயலிடம் சொன்னாள், தாழைக்கோழியிடம் சொன்னாள். ஆமைக்குக் காது எங்கே என்று தெரியாமல் ஓட்டின்மேல் குனிந்து சொன்னாள். நீராத்தாவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மாலையில் நீராத்தா எதிரே வந்தபோது மீன் நன்றாகக் கிடைக்கிறதா என்று அன்போடு விசாரித்தாள். அவ்வளவு இளகிய மனசு.

தாய்மார்களும் நாகரிகம் தெரிந்தவர்கள். காரணம் சொல்லாமல், துள்ளனோடு சேரக்கூடாது என்று மட்டும் பிள்ளைகளைக் கண்டித்தார்கள். அதுவரை அவனைக் கண்டுகொள்ளாத பிள்ளைகளும் மறுநாள் அவனைத் தேடிக்கொண்டு போயின.

தன் மகன் நெட்டைக்காலனிடம் கூவாயி ஒன்றும் சொல்லவில்லை. அவன் அந்த மாதிரிப் பிள்ளை இல்லையே.

மறுநாள் உச்சி வெயிலில், அந்த மாதிரி இல்லாத பிள்ளை முதலையின் வாய்க்கு நேரே நின்றுகொண்டிருந்தான். கூவாயி அலறினாள். திடுக்கிட்ட அவள் குஞ்சு கால் தடுக்கி முதலையின் நாக்கின்மேலேயே விழுந்தது. துள்ளன் பாய்ந்து அதைக் கவ்வி வெளியே எறிந்தான். அவன் திரும்புவதற்குள் தாடை மூடியது. துள்ளனின் வால்நுனி போயிற்று.

"நான் யாரையும் கூப்பிடலையே," என்றது முதலை, விழுங்கிவிட்டு.

அலறல் கேட்டு ஓடிவந்த நீராத்தா மகனின் வாலைப் பார்த்தாள். கூடி நின்ற தாய்மார்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"இவன் இங்க வர்றது யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

ஆமை ஓட்டுக்குள் போய்விட்டது.

"உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் அக்கா, இவங்ககிட்ட மட்டும் சொன்னேன்..." என்று கூவாயி இழுத்தாள்.

"சருகு விழுந்தாக்கூட எனக்குக் கேக்கிற மாதிரி கத்துவே. என் பிள்ளை முதலை வாய்க்குப் போனப்ப, என்னைத் தவிர எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கே."

மகனின் பிடரியைக் கவ்விக்கொண்டு நீராத்தா தண்ணீரில் இறங்கினாள். கூவாயியின் காலடியில் அவள் குஞ்சு நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளை தடம் மாறுவதைக் கண்டால் அவனைப் பெற்றவளிடம் முதலில் சொல்ல வேண்டும்; அவளிடம் மறைத்து ஊருக்குச் சொல்வது இரக்கமும் ஆகாது, எச்சரிக்கையும் ஆகாது.