பேண்ட் போட்ட பெரிய மனுஷர்

கோணங்குளத்து ஆவுடையப்பனுக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப்போச்சு. இரண்டுக்கும் காரணம் அவன் கைலிதான். பெண்ணின் அப்பா முன்னால் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நின்றால் எவர் பெண் கொடுப்பார்?

மூன்றாவது தடவை அம்மா கண்டிஷனாகச் சொல்லி அனுப்பினாள்.

"ஏலே, பெரிய மனுஷர் யாரைப் பாத்தாலும் மடிச்ச கைலியை இறக்கி விடு. அவரு நகர்ற வரைக்கும் மறுபடி மடிச்சுக் கட்டாதே. இதுவும் போச்சுன்னா உனக்குக் கல்யாணமே கிடையாது!"

பாவம், ஆவுடையப்பன் துணைக்குக் கூட்டாளிகள் கொம்பையாவையும் வைரவனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். அறிவைப் பொறுத்தவரை மூவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி.

பெண் வீட்டுக்கு வயல் வழியாகத்தான் போகணும். வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர். கைலியை நன்றாக மடித்துக்கட்டி இறங்கினார்கள். பாதி வழியில் கொம்பையா நின்றுவிட்டான்.

"மக்கா, அங்க பாரு. பேண்ட் போட்ட ஆளு!"

வயல் நடுவே ஒரு வைக்கோல் பொம்மை நின்றது. பழைய சட்டை, பழைய பேண்ட், தலைக்கு ஒரு மண்சட்டி.

"வயலுக்கே பேண்ட் போட்டு வந்திருக்காருன்னா ஆபீசராத்தான் இருக்கும்" என்றான் வைரவன்.

"ரெண்டு கையையும் விரிச்சு நம்மள நிக்கச் சொல்லுதாரு. இறக்குங்கலே!" என்றான் ஆவுடையப்பன்.

மூன்று கைலியும் தண்ணீருக்குள் இறங்கின. மூவரும் நின்றார்கள். அவர் நகரவே இல்லை. ஒரு மணி நேரம் ஆச்சு. கைலிக்குள் மீன்குஞ்சு புகுந்து விளையாடியும் ஒருத்தன்கூட அசையவில்லை. பெண் பார்க்கும் நேரம் தாண்டிப் போகிறதே என்று ஆவுடையப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது தோளில் மண்வெட்டியோடு ஒருவர் வந்தார். கைலி தொடைவரை ஏறியிருந்தது.

"யாருலே அது, வாய்க்கால அடைச்சுக்கிட்டு நிக்கது?"

ஆவுடையப்பனுக்கு வந்ததே கோபம்!

"ஓய்! இம்புட்டுப் பெரியவரு முன்னால மடிச்சுக் கட்டிக்கிட்டு வாரீரே, வெக்கமா இல்ல? இப்படி நின்னுதான் எனக்கு ரெண்டு சம்பந்தம் போச்சு!"

திட்டு வாங்கியவர் பூதலிங்கம். பெண்ணின் அப்பா அவரேதான். பொம்மையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், கைலியை மெல்ல இறக்கி விட்டார்.

"நாந்தான் தம்பி இவரை இங்க நட்டு வெச்சேன். மூணு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இதுதான் வருத்தமா! நல்லவேளை சொன்னீரு. என் பொண்ணு உமக்குத்தான். ஆனா அவரும் சம்மதிக்கணும்."

நாலு பேரும் கைகட்டி நின்றார்கள். ஒரு காற்று வீசியது. இடுப்புக் கயிறு அறுந்து, பொம்மையின் பேண்ட் பொத்தென்று காலடியில் விழுந்தது.

பூதலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீரா மாப்ளே! எம்புட்டுப் பெரிய மனுஷரு, நமக்காக அவரும் இறக்கி விட்டுட்டாரே!"