தண்ணீர் குடிக்காத கார்

அந்தக் காலத்தில் காற்று மனிதரிடம் நின்று பேசும். இரும்பும் கேட்டதற்குப் பதில் சொல்லும். அப்போது வெக்கைமலை அடிவாரத்தில் ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. அங்கே செய்த கார்களுக்கெல்லாம் இன்ஜின் முன்னால்தான். எல்லாமே தண்ணீர் குடிக்கும். புறப்படும்போது ஒரு குடம், மலையில் பாதி ஏறியதும் இன்னொரு குடம்.

இன்ஜின் பிரிவுக்குத் தலைமை தைலம்மை. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றுவதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. ஒரு வேலை பிடித்துப்போனால் சாப்பாட்டையே மறந்துவிடுவாள்.

மூன்று வருடம் மழை பொய்த்தது. ஊருக்கிருந்த ஒரே ஏரியில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் மிச்சம். ஒரு காலையில் பெண்கள் காலிக் குடங்களோடு வந்து தொழிற்சாலை வாசலை மறித்தார்கள். முன்னால் நின்றவள் தைலம்மையின் சொந்த நாத்தனார் பூரணி.

"அண்ணி, பிள்ளைங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. உங்க கார் குடிக்குது. இனிமே ஒரு சொட்டு தர மாட்டோம்."

பூரணி சொன்னது நியாயம். "மூடிட வேண்டியதுதான்" என்று முதலாளி கூத்தபிரான் சாவியை எடுத்தார். உள்ளே இருநூறு பேர் வேலையை நிறுத்திவிட்டு அவர் கையையே பார்த்தார்கள்.

"எட்டு நாள் கொடுங்க ஐயா" என்றாள் தைலம்மை. ஏன் எட்டு என்று அவளுக்கே தெரியாது.

நேரே ஓர் இன்ஜினிடம் போனாள். "தண்ணி இல்லாம ஓடுவியா?"

"ஓடுவேன் அக்கா. ரெண்டு கல் தூரம். அப்புறம் வெடிச்சிடுவேன்."

அங்கிருந்து மலைக் கணவாய்க்கு ஓடினாள். காற்று குடியிருந்த இடம் அது. "இன்ஜின் சூட்டுல தவிக்குது. நீ கொஞ்சம் ஆத்திவிடக் கூடாதா?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"எத்தனையோ தடவை பார்த்துட்டேன்" என்றது காற்று. "உன் இன்ஜின் மேல எனக்குப் பிடிமானமே இல்ல. வழவழன்னு இருக்கு. தொட்டதும் வழுக்கிப் போயிடுறேன்."

பிடிமானம்தானே வேண்டும்? அதைச் செய்துவிடலாமே. மலையிறங்கும்போது தைலம்மையின் கால் தரையில் பாவவில்லை.

சிலிண்டரைச் சுற்றி மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக நிற்கும்படி, இடையில் விரல் நுழையும் அளவு இடம் விட்டு, அந்த இன்ஜினுக்கே புது உடம்பு வார்த்தாள். முதல் வார்ப்பு உடைந்தது. இரண்டாவதில் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஐந்தாவது சரியாக வந்தது. காற்று ஜன்னல் வழியே வந்து ஒவ்வோர் இடுக்கிலும் நுழைந்து பார்த்தது.

"நல்லா இருக்கு. ஆனா கார் மெதுவா ஏறும்போது என்னை யாரு உள்ள இழுப்பா?"

அதற்கும் வழி செய்தாள். இன்ஜின் சுழலும்போதெல்லாம் கூடவே சுழலும்படி ஒரு விசிறியைப் பெல்ட்டில் மாட்டினாள்.

ஏழாம் நாள் இன்ஜினைக் காரின் முன்னால் பொருத்தப் போனபோது அது முரண்டு பிடித்தது. "அக்கா, எதிர்ல மலையைப் பார்த்தாலே எனக்குக் கொதிக்குது."

"பார்க்காதே."

"கண்ணுக்கு நேரா நிக்குதே அக்கா."

தைலம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அப்படியே தூக்கிப் பின்பக்கம் வைத்துவிட்டாள். இனி அதன் கண்ணில் படுவதெல்லாம் ஏறிக் கடந்த பாதைதான்.

எட்டாம் நாள், சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கார் மலையேறுவதைப் பார்க்க ஊரே திரண்டது. கூத்தபிரான் ஒரு குடம் தண்ணீரை யாருக்கும் தெரியாமல் காருக்குள் வைக்கப் பார்த்தார். "அவசரத்துக்கு இருக்கட்டும் தைலம்மை. நடுவழியில நின்னுட்டா நம்ம எல்லாருக்கும் அதோட முடிஞ்சுது."

தைலம்மை அந்தக் குடத்தை வாங்கினாள். எல்லோரும் பார்க்க, பூரணியின் காலிக் குடத்தில் கடைசிச் சொட்டு வரை ஊற்றினாள். பூரணி குடத்தைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, "நானும் வரேன் அண்ணி" என்று காரில் ஏறிக்கொண்டாள்.

பதினான்கு வளைவுகள். தைலம்மை ஓட்ட, பத்து வளைவு வரை கார் பறந்தது. பதினொன்றாவதில் இன்ஜினின் குரல் கம்மியது.

"அக்கா, முன்னெல்லாம் தண்ணி கொதிச்சா எனக்குத் தெரியும். இப்போ எதுவுமே தெரியல. பயமா இருக்கு."

"பேசிக்கிட்டே வா. உன் சத்தம் கேட்கிற வரைக்கும் நீ நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

"என்ன பேச?"

"என்னத்தையாவது பேசு."

இன்ஜின் பேசத் தொடங்கியது. தன்னை வார்த்த நாளைப் பேசியது, மாட்டிய போல்ட்டுகளின் பெயரெல்லாம் சொன்னது, விசிறி கிச்சுகிச்சு மூட்டுகிறது என்று புகார் சொன்னது. தடதடவென்று மலை முழுக்க அந்தச் சத்தம்தான். காற்று தகடுகளுக்கிடையே சீட்டியடித்துக்கொண்டு ஓடியது. பதினான்காம் வளைவு தாண்டி உச்சியில் கார் நின்றபோது பூரணி இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தாள். ஆவி இல்லை, புகை இல்லை. அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

ஏரித் தண்ணீர் ஊருக்கே ஆனது. குழாயும் தொட்டியும் பொருத்தும் வேலை இல்லாமல் போனதால், நாளுக்கு ஒரு கார் செய்த தொழிற்சாலையில் நூறு கார்கள் வரிசையாக நகர்ந்தன. வரிசையின் கடைசியில் தைலம்மை நிற்பாள். புதிய இன்ஜின் ஒவ்வொன்றும் முதல் மூச்சு விடும்போது தட்டிக்கொடுத்து, "பேசிக்கிட்டே போ" என்று சொல்லி அனுப்புவாள்.

நாளாக நாளாக இரும்புக்கு நம் வார்த்தைகள் மறந்துவிட்டன. ஆனாலும் காற்றில் குளிரும் அந்தக் காலத்துக் கார்கள் இன்ஜினை முதுகில் சுமந்துகொண்டு, சிக்னலில் நிற்கும்போதுகூட வாய் ஓயாமல் தடதடத்துக்கொண்டிருப்பது, அன்று அந்த மலை ஏறியதிலிருந்துதான்.