லைன்மேன் எழுதிய புத்தகம்

காலமெல்லாம் மின்கம்பம் ஏறி ஓய்வுபெற்ற லைன்மேன் இருளப்பன், தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதிவிட்டார். அது ஞானவடிவேலுக்குப் பொறுக்கவில்லை. அவர் பேராசிரியர், பேருக்கு முன்னால் ‘முனைவர்’ போட்டுக் கூப்பிடாவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இரண்டு பேர் புத்தகங்களும் ஒரே அச்சகத்தில்தான் அச்சாயின. அங்கே வைத்தே பேராசிரியர் சவால் விட்டார்.

“கம்பம் ஏறினவனெல்லாம் எழுத்தாளனாய்யா? வெளியீட்டு விழாவுக்கு நானே வரேன். உருப்படியா ஒரு பக்கம் காட்டு, பார்ப்போம்!”

விழா மேடையில் இருளப்பன் பணிவாக முதல் பிரதியை நீட்டினார். “எந்தப் பக்கம் வேணும்னாலும் பிரிச்சுப் படிங்க ஐயா.”

பேராசிரியர் நடுவில் பிரித்து ஒரு பத்தி வாசித்தார். தலையில் அடித்துக்கொண்டார். “இதெல்லாம் தமிழா? எவனோ தூக்கத்துல உளறின மாதிரி இருக்கு!” கூட்டம் சிரித்தது. அந்த உற்சாகத்தில் இன்னும் நாலு பக்கத்தை வாசித்துப் பேச்சாலேயே நார் நாராகக் கிழித்தார்.

கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்த இருளப்பன் மைக்கை வாங்கினார்.

“ஐயா மன்னிக்கணும். இந்தப் பிரதிக்கு மட்டும் என் அட்டையை ஒட்டச் சொன்னேன். உள்ளே இருக்கிறது போன வருஷம் வந்த உங்க புத்தகம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இதை நீங்க எழுதலையா, இல்லே இதுவரைக்கும் படிக்கலையா?”