அளந்த இடம்

இது கூட்டல் கழித்தல் புதிர் இல்லை. இரண்டு பெண்களின் மனம் கோணாமல் ஒரு காகிதத்தை நிரப்ப வேண்டிய புதிர். விடை கடைசியில் இருக்கிறது. அவசரப்பட்டு அங்கே தாவிவிடாதீர்கள்.

ஊஞ்சவலசில் பத்து வருடத்துக்கு முன்னால் நாற்பது வீடுகள் இருந்தன. பனியன் கம்பெனிகள் வந்தபிறகு தொள்ளாயிரம் ஆகிவிட்டன. வீடு பெருகிய வேகத்துக்குச் சாக்கடை பெருகவில்லை. ஒருவழியாகப் பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தது. எல்லா வீட்டுக் கழிவும் சரிவில் தானாக ஓடி, ஊரின் கடைக்கோடிப் பள்ளத்தில் ஒரு கிணற்றில் சேரும். அங்கிருந்து மோட்டார் அதை மேட்டுக்கு ஏற்றி, சுத்திகரிக்கும் இடத்துக்கு அனுப்பும்.

பொறியாளர் யசோதாவுக்கு எல்லாம் கைகூடிவிட்டது, ஒன்றைத் தவிர. மோட்டார் வைக்கிற மேடை எவ்வளவு உயரம் வேண்டும்? இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓடை உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மேடை தாழ்ந்தால் அடுத்த வெள்ளத்தில் மோட்டார் மூழ்கும். தொள்ளாயிரம் வீட்டுக் கழிவும் வந்த வழியே திரும்பி, முதலில் பள்ளத்து வீடுகளுக்குள்தான் புகும்.

வெள்ளம் எவ்வளவு நின்றது என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி, தண்ணீர் வந்ததோ இல்லையோ, நிவாரணத்துக்காக வீட்டுக்கு வீடு அன்று எழுதி வாங்கிய மனுக்கட்டு. படித்தால் சிரிப்புத்தான் வரும். ஒருவர் வீட்டில் கழுத்தளவு, அடுத்தவர் வீட்டில் ஆள் முழுகுகிற அளவு. மேட்டுத்தெருக்காரர் வீட்டில்கூட இடுப்பளவு! சுவர்களைக் கேட்கலாமென்றால் பொங்கலுக்கு வெள்ளையடித்து எல்லாச் சுவரின் வாயையும் அடைத்துவிட்டார்கள். ஒரே ஒரு தாளில் மட்டும், ‘எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை’ என்றிருந்தது. கீழே, ‘தங்கமணி, கடைசி வீடு’ என்று கையெழுத்து.

மேலதிகாரிக்கு அந்தத் தாள் பிடித்துப்போயிற்று. “ஊர்லயே புளுகாத ஆள் இவங்கதான். ஒரு அடி மேடை போதும்” என்றார்.

யசோதாவுக்கு மனசு ஒப்பவில்லை. இருப்பதிலேயே பள்ளமான வீட்டைத் தண்ணீர் சுற்றிக்கொண்டு போயிருக்குமா? சனிக்கிழமை காலையில் நேரிலேயே போனாள்.

தங்கமணி தையல்காரி. கணவர் போனபின் தனியாள். எதிர்வீட்டுக் கனகு தன் இரண்டு வயது மகளோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வெள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும் கனகு முந்திக்கொண்டாள்.

“அன்னிக்கு எனக்கு வலி எடுத்துருச்சுங்க மேடம். டிராக்டர்ல இன்னும் ஒரு ஆளுக்குத்தான் எடம், மறுநடை வர முடியாதுன்னாங்க. அக்கா வாசல்ல நின்னு, ‘எங்கூட்டுல சொட்டுத் தண்ணி இல்ல, அவளக் கூட்டிட்டுப் போங்க’ன்னு சத்தம் போட்டாங்க. இல்லாட்டி இவ ஏதுங்க?”

“உள்ள எவ்வளவு தண்ணி வந்துச்சுக்கா?” என்று யசோதா தங்கமணியைக் கேட்டாள்.

தங்கமணி ஒரு கணம் கனகுவைப் பார்த்தாள். “வர்லீங்க அம்மணி. எழுதித்தான குடுத்தேன்.”

குழந்தைக்குச் சோறூட்ட வேண்டுமென்று கனகு எழுந்து போனாள். அவள் தலை மறைந்ததும் தங்கமணி உள்ளறைக் கதவைச் சாத்தி, அதன் பின்பக்கத்தைக் காட்டினாள். பெயிண்ட் படாத அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு சேற்றுக்கோடு. துணி அளக்கிற டேப்பை வைத்து அளந்தாள். முப்பத்திரண்டு அங்குலம்.

“டிராக்டர் போனப்புறம் ஏறுச்சுங்க. நான் பரண்மேல உக்காந்துக்கிட்டேன். அவரு போட்டோவெல்லாம் கீழ பொட்டிக்குள்ள இருந்துச்சு. ஒண்ணுகூட மிஞ்சல. இது கனகுக்குத் தெரிய வேண்டாம் அம்மணி. தெரிஞ்சா, புள்ளையப் பாக்கறப்பெல்லாம் அழுவா.”

யசோதா சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

கிணறு வரப்போகிற இடத்தை ஒட்டிய தெருமுனை மின்கம்பத்தடியில் கனகு காத்திருந்தாள்.

“தண்ணி வந்துச்சுங்க மேடம். ஆஸ்பத்திரியில இருந்து வந்த வாரமே கதவுக்குப் பின்னால பாத்துட்டேன். மோட்டார் முழுகிறக் கூடாதேன்னுதான் சொல்றேன். எனக்குத் தெரியும்னு மட்டும் அக்காவுக்குத் தெரிய வேண்டாங்க. எனக்காக இத்தன நாளு மறச்சு வெச்சிருக்காங்க. அது வீணாப்போச்சுன்னு நினைச்சா மனசு ஒடஞ்சுருவாங்க.”

யசோதா அவளுக்கும் வாக்குக் கொடுத்தாள். வேறென்ன செய்வாள்!

கையில் படிவம் இருந்தது. ‘வெள்ள மட்டம்’ என்று ஒரு கட்டம், அதன் கீழே ‘அளந்த இடம்’ என்று இன்னொன்று. வார்டு கூட்டத்தில் ஊரே கூடியிருக்க அதைச் சத்தமாக வாசிப்பார்கள். தங்கமணி வீட்டுக் கதவு என்று எழுதினால் இரண்டு வாக்கும் போயிற்று. வேறு வீட்டை எழுதினால் பொய். வெறுமனே விட்டால் மேலதிகாரி பழைய ஒரு அடிக்கே போய்விடுவார்.

பக்கத்து மனையில் கொத்தனார் ஒருவர் நீளமான டியூப்பில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு மூலையில் பிடித்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். யசோதா அதையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

நீங்களும் கொஞ்சம் நில்லுங்கள். பொய் எழுதக் கூடாது. வாக்குத் தவறக் கூடாது. மோட்டாரும் மூழ்கக் கூடாது. ‘அளந்த இடம்’ என்ற கட்டத்தில் யசோதா என்ன எழுதியிருப்பாள்?

விடை: ‘தெருமுனை மின்கம்பம்.’ தேங்கி நின்ற தண்ணீருக்கு இவர் வீடு, அவர் வீடு என்ற பேதம் கிடையாது. எங்கும் ஒரே மட்டம்தான். கனகு கம்பெனிக்குப் போயிருந்த ஒரு பகலில், டியூப்பின் ஒரு முனையைக் கதவின் சேற்றுக்கோட்டிலும் மறுமுனையைக் கம்பத்திலும் பிடித்து, தண்ணீர் நின்ற இடத்தில் சிவப்புக் கோடு போட்டாள். தரையிலிருந்து அளந்தாள். வீட்டுத் தரையைவிடத் தெரு ஒன்பது அங்குலம் தாழ்வு என்பதால் நாற்பத்தொரு அங்குலம். மேடை நான்கடி என்று முடிவாயிற்று. எந்த வீட்டுக்குள் எவ்வளவு புகுந்தது என்று படிவம் கேட்கவில்லை. கூட்டத்தில் அதை வாசித்தபோது கழுத்தளவுக்காரர்கள் கம்பத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கப்சிப். கனகுவுக்குத் தெரியாமல் போயிற்று என்று தங்கமணிக்கு நிம்மதி. அக்காவுக்குத் தெரியாமல் போயிற்று என்று கனகுவுக்கு நிம்மதி. குழந்தை தங்கமணியின் மடியில் தலையும் கனகுவின் மடியில் காலுமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.