அகழெலி அடைத்த வாசல்

அந்தக் காலத்தில் பிராணிகள் எல்லாவற்றுக்கும் பேச்சு உண்டு. ஆனால் அகழெலிக்கு இருந்த வாய் வேறு யாருக்கும் கிடையாது. ஆடு ஒரு சங்கதியைச் சொல்லி முடிப்பதற்குள், அகழெலி அதை ஊருணிக்கரை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஆட்டிடமே கேட்கும்.

அதன் கண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு நீங்கள் பார்க்கிற கடுகுக் கண் இல்லை அது. நாவல்பழம் மாதிரி உருண்டையாக, பளபளவென்று, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு இருக்கும். எதைப் பார்த்தாலும் அதற்கு ஆச்சரியம்தான். பூசணிப் பூ விரிந்தால் ஓடும், வண்ணத்துப்பூச்சி போனால் ஓடும், எதிரே வருகிற கழுதையைக்கூட நேற்றுதான் பிறந்தது போலப் பார்க்கும். வளை என்று ஒன்று அதற்குக் கிடையாது. பூசணிக்கொடியில் அகலமான இலையாகப் பார்த்து அதன் அடியில் படுத்துக்கொள்ளும். மண்ணுக்குள் போய் ஒளிந்துகொள்ள அதற்கென்ன தலையெழுத்தா? பார்க்க வேண்டியதெல்லாம் மேலேதானே இருக்கிறது.

அது படுத்துக்கிடந்த தோட்டம் சடைச்சியுடையது. ஆவாரங்குளம் என்ற ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் சடைச்சி. வந்த கையோடு கிணற்றுமேட்டு முள்ளை வெட்டி, கல் பொறுக்கி, கத்தரியும் வெண்டையும் சர்க்கரைவள்ளியும் போட்டாள். பாத்தி கொத்திக் கொடுப்பது அகழெலியின் வேலை. கொத்தும்போது அகப்படுகிற கோரைக்கிழங்கெல்லாம் அதற்கே. இரண்டு பேருக்கும் நல்ல ஒத்துமை.

ஆனால் விதை போட்ட இடத்துப் பக்கம் மட்டும் சடைச்சி அதை விடமாட்டாள். முன்பு ஒரு தடவை அவரை விதையை ஊன்றச் சொல்லியிருந்தாள். அகழெலி ஊன்றியது. மறுநாள் தோண்டிப் பார்த்தது. அதற்கு மறுநாளும் தோண்டிப் பார்த்தது. அந்த விதையே வெறுத்துப்போய்ச் செத்துவிட்டது.

அந்த வருஷம் ஆடி பிறந்தும் ஒரு தூறல் இல்லை. குளம் வெடித்துக் கிடந்தது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் முன்னால் நின்று காரியம் பார்க்கிற வெள்ளைத்தாய், அம்மன் கோயில் பொட்டலில் எல்லோரையும் கூட்டினாள்.

"முளைப்பாரி போடுவோம்," என்றாள். "பயிர் தளதளன்னு வந்தா நம்ம விதை நல்ல விதைன்னு அர்த்தம். நம்பி விதைப்போம். வரலைன்னா, இருக்கிற விதையைப் பொங்கித் தின்னுட்டு ஊரைக் காலி பண்ணிட்டுப் பஞ்சம் பொழைக்கக் கெளம்ப வேண்டியதுதான்."

 இப்போதுதான் சடைச்சியின் கிணற்றில் ஓர் ஊற்றுக்கண் திறந்திருந்தது. இந்த மண்ணை விட்டுவிட்டு எந்த ஊரில் போய் யார் வீட்டு வேலியோரம் குந்துவது? அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மதினி, முளைப்பாரியை என் வீட்டு உள்ளறையில வைங்க. சன்னல் கெடையாது, நல்ல இருட்டு. நான் பாத்துக்கிறேன்."

வெள்ளைத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நேத்து வந்தவ, ஊரு உசிரையே கையில கேக்குற."

"குடுத்துத்தான் பாருங்களேன் மதினி."

வெள்ளைத்தாய் கொடுத்தாள்.

அகழெலிக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம வீட்டில் முளைப்பாரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. குளத்துக்குள் இறங்கி, கரம்பை மண்ணில் கட்டி இல்லாத மண்ணாகச் சலித்துக் கொண்டுவந்து குவித்தது. சடைச்சி அகன்ற சட்டிகளில் வைக்கோலைப் பரப்பி, எருத்தூளையும் மண்ணையும் போட்டு, ஊறவைத்த பயறும் மொச்சையும் சோளமும் கம்புமாக நவதானியத்தைத் தூவினாள். சட்டிகளை உள்ளறையில் அடுக்கிக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நான் எப்பப் பாக்கலாம்?"

"பாக்கவே கூடாது. முளைப்பாரி இருட்டுலதான் வளரணும். வெளிச்சமும் படக்கூடாது, கண்ணும் படக்கூடாது. தண்ணி தெளிக்கப் போற நானே தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போவேன். அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற அன்னைக்கு வெளிய எடுத்துட்டு வருவோம்ல, அன்னைக்கு நீ எல்லாருக்கும் முன்னாடி நின்னு பாரு."

"சரிக்கா," என்றது அகழெலி. அந்த நிமிஷம் அது மனசாரத்தான் சொன்னது.

பொழுது சாயும்போதெல்லாம் பெண்கள் சடைச்சி வீட்டு வாசலில் கூடிக் கும்மியடித்தார்கள். குலவை போட்டார்கள். அகழெலி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. கதவில் காதை வைத்தது. உள்ளே என்னவோ நடக்கிறது, தான் சலித்த மண்ணில்தான் நடக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை. கோரைக்கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை. பூசணிப் பூ விரிந்தது, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உச்சிப் பொழுது ஒன்றில் சடைச்சி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். அகழெலி வீட்டின் பின்சுவரைப் பார்த்தது. மண்சுவர். ஒரே ஒரு பார்வை, பார்த்த கையோடு ஓடி வந்துவிடலாம் என்று நினைத்தது. அவ்வளவுதான், கை தானாகத் தோண்டியது.

தலையை உள்ளே நீட்டியது. கூடவே வெயிலும் உள்ளே வந்தது. அந்த வெளிச்சத்தில் சட்டி சட்டியாக, வெளிர்மஞ்சளாக, ஊசி முனை அளவு தலைகள் மண்ணைத் தூக்கிக்கொண்டு எழுந்திருந்தன. அகழெலிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அத்தனை அழகான ஒன்றை அந்தப் பெரிய கண்கள் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை.

பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியுமா அதனால்? பின்னங்கால் பிடரியில் பட ஓடியது. ஓட்டை ஓட்டையாகவே கிடந்தது. அணிலைப் பிடித்து உலுக்கி, "முளைச்சிருச்சு, நான் பார்த்தேன், மஞ்சளா இருக்கு," என்றது. காக்கையிடம் சொன்னது. குப்பைமேட்டில் பசியோடு கிளறிக்கொண்டிருந்த கோழிகளிடமும் போய்ச் சொன்னது. போதாததற்கு, எந்த வழியாகப் பார்த்தேன் என்றும் விவரமாகச் சொன்னது.

கோழிகள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டன.

சடைச்சி தண்ணீரோடு வந்து கதவைத் திறந்தபோது உள்ளறையில் பட்டப்பகல். ஓட்டையைக் கிளறிப் பெரிதாக்கி உள்ளே வந்த கோழிகள் சட்டிக்குச் சட்டி ஏறி நின்று சீய்த்துக்கொண்டிருந்தன. ஒரு முளை மிச்சமில்லை. அவள் இடுப்பிலிருந்து குடம் நழுவி உடைந்தது.

அகழெலி அவள் பின்னாலேயே வந்து நின்றது. 

"உன்னை ஒண்ணுதானே கேட்டேன்," என்றாள் சடைச்சி. "இனிமே என் கண்ணுல முழிக்காத."

அவள் நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. நேராக வெள்ளைத்தாயிடம் போய் நடந்ததைச் சொன்னாள். பெண்கள் ஓடி வந்து உள்ளறையைப் பார்த்தார்கள். சிலர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள்.

"காப்புக் கட்டியாச்சு. பொங்கலைத் தள்ளிப்போட முடியாது," என்றாள் வெள்ளைத்தாய். "இன்னொரு தடவை விதை போட்டாலும் அதுக்குள்ள எங்க வளரப்போகுது? சுவரு பொளந்துபோச்சு, வைக்கிறதுக்கு இருட்டறையும் இல்லை. சாமான் சட்டியைக் கட்டுங்கடி."

அப்போது வாசற்படிக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. அகழெலிதான்.

"மண்ணுக்குள்ள இருட்டு இருக்கு மதினி. ஒரு பொட்டு வெளிச்சம் வராது. வெதுவெதுன்னும் இருக்கும், பயிர் சீக்கிரம் வரும். நான் தோண்டிக் குடுக்கிறேன்."

"உன்னை நம்பியா?" என்றாள் வெள்ளைத்தாய்.

"நானும் உள்ளேயே இருக்கேன். உள்ளேயிருந்து வாசலை மண்ணு போட்டு அடைச்சுக்கிறேன். நீங்க வந்து மண்ணைத் தட்டுற வரைக்கும் தெறக்கமாட்டேன். இருட்டுல எனக்கு மட்டும் கண்ணு தெரியவா போகுது? இந்தத் தடவை நானும் பாக்கமாட்டேன்."

வெள்ளைத்தாய் சடைச்சியைப் பார்த்தாள். சடைச்சி விதை இருந்த ஓலைக்கொட்டான் பக்கம் கையைக் காட்டி, "ஊற வைங்க மதினி," என்றாள்.

அகழெலி தோண்டிய தோண்டலைச் சொல்ல வேண்டுமே! கிணற்று மேட்டில் மண் பறந்தது. வெட்டிய மண்ணை வயிற்றாலும் நெஞ்சாலும் தள்ளித் தள்ளி, பொழுது சாய்வதற்குள் சட்டிகளையெல்லாம் அடுக்குகிற அளவுக்கு ஓர் அறையே பூமிக்குள் உண்டாக்கிவிட்டது. பெண்கள் ஒவ்வொரு சட்டியாக உள்ளே இறக்கினார்கள். கடைசிச் சட்டி இறங்கியதும் அகழெலி உள்ளே போய், பின்பக்கமாகத் திரும்பி, வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டது. வெளியே ஒரு சின்ன மண்மேடு மட்டும் இருந்தது.

உள்ளே ஒரே இருட்டு. அது கிணற்றுச் சுவர்ப் பக்கமாக ஒரு கிளை வளை வெட்டி, கசிகிற ஈரத்தை வாயில் ஏந்தி வந்து சட்டிகளுக்குத் தெளித்தது. பார்க்க முடியாததால் மூக்கால் தடவியது. ஒருநாள் சட்டி மண்ணுக்கு மேலே ஏதோ மூக்கைக் குத்தியது. அகழெலி அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டது. ஓடிப்போய் யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம் அதற்கு அதுதான் முதல் தடவை.

மேலேயிருந்து அணில் கூப்பிட்டது. "கழைக்கூத்தாடி வந்திருக்கான். கயித்து மேல நடக்கிறான். சீக்கிரம் வந்து பாரு."

அகழெலிக்குக் கால் துடித்தது. கயிற்றின் மேலேயா? கொட்டுச் சத்தம்கூடக் கேட்டது. அது வாசல்வரை வந்தது. வந்து, இன்னொரு சுமை மண்ணை அள்ளி வாசலில் இறுக்கி அடைத்துவிட்டுத் திரும்பிப் போனது.

பொங்கல் நாள் வந்தது. பெண்கள் குலவையிட்டபடி கிணற்று மேட்டுக்கு வந்தார்கள்.  சடைச்சி மண்டியிட்டு மண்மேட்டைத் தட்டினாள். வாசல் திறந்தது. முதல் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தாள்.

முழ உயரத்துக்குப் பயிர். அடர்த்தியாக, இளமஞ்சளாக, ஒரு தாள் சாயாமல் நின்றது. அடுத்த சட்டியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. கிழவியும் குமரியுமாக எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். வெள்ளைத்தாய் சடைச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "விதைப்போம்டி," என்றாள். 

கடைசியாக அகழெலி வெளியே வந்தது.

"வா தம்பி," என்றாள் சடைச்சி. "வந்து ஆசை தீரப் பாரு. இன்னைக்கு உன்னை யாரும் தடுக்கமாட்டோம்."

அகழெலி முகத்தை இங்கும் அங்கும் திருப்பியது. "சட்டியெல்லாம் வெளிய எடுத்தாச்சா அக்கா? எங்க வச்சிருக்கீங்க?"

சட்டி அதன் மூக்குக்கு நேராக இருந்தது.

சடைச்சி குனிந்து பார்த்தாள். அந்த நாவல்பழக் கண்களைக் காணவில்லை. அத்தனை நாள் இருட்டில் வேலையில்லாமல் சிறுத்துச் சிறுத்து, ரோமத்துக்குள் இரண்டு கடுகாகப் போயிருந்தன. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதன் கையைப் பிடித்துப் பயிரின் மேல் வைத்தாள்.

"என்ன நெறம்கா?"

"ஆவாரம்பூ நெறம்."

"நல்லா உசரமா?"

"உன்னைவிட உசரம். என் முழங்கை வரைக்கும் வருது."

அகழெலி சிரித்தது. பயிரை வேரிலிருந்து நுனிவரை ஒருமுறை மெதுவாகத் தடவியது. "வெயிலு சுடுதுக்கா. பயிர் வாடிரும், சீக்கிரம் தூக்கிட்டுப் போங்க. நான் உள்ள போறேன்," என்றது. போய் உள்ளேயிருந்து வாசலை அடைத்துக்கொண்டது.

ஊர் விதைத்தது. மழை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. யாரும் சாமான் கட்டவில்லை. சடைச்சியின் சர்க்கரைவள்ளிப் பாத்தியில் ஒருநாள் புதுமண் மேடாகக் குவிந்திருந்தது, கிழங்கிலும் கடி. புகை போடு, தண்ணீரைத் திருப்பிவிடு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சடைச்சி கேட்கவில்லை. வெளிச்சம் பட்டால் தானாக நகரும் என்று காலால் மேட்டைத் தட்டி வாசலைத் திறந்துவிட்டாள். மத்தியானம் வந்து பார்த்தாள், மூடியிருந்தது. மறுநாளும் திறந்தாள், மறுபடி மூடியிருந்தது. வெளிச்சத்தோடு எத்தனை நாள் மல்லுக்கட்டும்? கடைசியில் அகழெலியே பாத்தியை விட்டு வரப்போரம் நகர்ந்துபோனது.

அன்று முதல்தான் தோட்டக்காரர்கள் பாத்தியில் புது மண்மேட்டைக் கண்டால் முதலில் காலால் தட்டி வாசலைத் திறந்து பார்க்கிறார்கள். அன்று முதல்தான் அகழெலியும், உள்ளே ஒன்றுமே முளைக்காவிட்டாலும், பதறிக்கொண்டு ஓடி வந்து வாசலை அடைக்கிறது.