தாணுலிங்கத்தின் ஜீப்புக்குக் கொக்கி

"கொக்கி மாட்ட எவ்வளவு நேரமாகும், ஆசானே?"

"அரை மணிக்கூர்."

"அப்போ மாட்டு."

"எதுல?"

மூன்று நாளாக இதே பேச்சுதான். தாணுலிங்கத்துக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது.

குலசேகரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் புஷ்பலீலாவை ஊரில் எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தாறு. பேச்சு குறைவு. அந்தக் குறைந்த பேச்சே மனிதனைப் பைத்தியமாக்கப் போதும்.

தாணுலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு. தேனீ வளர்க்கிறவர்.

ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விட்டாயிற்று. தளிரில் தேன் கசியும் மாதம் இது. நாற்பது தேனீப் பெட்டிகளையும் சனிக்கிழமைக்குள் பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கும் தோட்டத்தில் கொண்டு வைத்தாக வேண்டும். பிந்தினால் இந்த வருஷத் தேன் போச்சு.

மச்சான் ஒரு ட்ரெய்லர் கொடுத்துவிட்டார். இழுப்பதற்கு நாலு சக்கரமும் ஓடுகிற பழைய ஜீப் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கொக்கி. அந்த எளவெடுத்த கொக்கியைத்தான் இவள் மாட்டித் தர மாட்டேன் என்கிறாள்.

நாற்பது என்றால் சும்மா நாற்பது இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நோய் வந்து அவருடைய தேனீக்கள் கூண்டோடு செத்தன. மிஞ்சியது இரண்டே பெட்டி. அந்த இரண்டைப் பிரித்துப் பிரித்து நாற்பதாக்கியிருந்தார்.

காலையில் எழுந்ததும் ஒவ்வொரு பெட்டியையும் விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்பார். ராணி இருக்கும் கூடு 'உஸ்' என்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிடும். ராணி இல்லாத கூடு அடங்காமல் முனகிக்கொண்டே இருக்கும். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்காத மனிதர், பெட்டிகளிடம் நலம் விசாரிக்காமல் பல் தேய்க்க மாட்டார்.

முதல் நாள் அவள் "எதுல?" என்று கேட்டபோது சிரித்தார்.

"ஜீப்புலதான். பின்ன எனக்க முதுகிலயா?"

ஆசான் சிரிக்கவில்லை. ஒரு இரும்புச் சுரண்டியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"அடியில படுங்க அண்ணாச்சி. ஜீப்பு எங்க இருக்குன்னு பாருங்க."

என்ன கிறுக்குத்தனம் இது என்று நினைத்தார். ஆனாலும் படுத்தார். கொக்கி வர வேண்டிய இடத்தில், வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸைச் சுரண்டினார். கறுப்புப் பெயிண்ட் உரிந்தது. அதற்கடியில் கறுப்பு. அதற்கும் அடியில் கறுப்பு.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஜீப்பின் அடிப்பாகம் முழுக்க அவரே ஒரு கோட்டிங் அடித்துவிடுவார். சேறு இருந்தால் சேற்றுக்கு மேலே. துரு இருந்தால் துருவுக்கு மேலே. பூஜைக்கு நேரமாகிறதே! குனிந்து பார்த்தால் புது வண்டி தோற்றுப்போகும்.

"இருவத்திரெண்டு கோட்டிங்காக்கும்! ஒரு வருசம் தப்புனதில்ல."

"பெயிண்டு நல்ல உறுதி," என்றாள் ஆசான்.

அதைப் பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் ஏழாவது கோட்டிங் வரை போனார். கழுத்து பிடித்துக்கொண்டது. கண்ணிலெல்லாம் பெயிண்ட் தூள்.

"ஏழு போச்சு. போதுமா?"

"ஜீப்பு வந்தாச்சா?"

"வரல்ல."

"பின்ன?"

அவள் பாட்டுக்கு யாருடைய இரும்புக் கேட்டையோ பற்றவைக்கப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. இன்றும் அவள் "எதுல?" என்றதும் தாணுலிங்கம் பொங்கிவிட்டார்.

"ஏ பிள்ளே, நீ பட்டறை வச்சிருக்கியா, மடம் வச்சிருக்கியா? ஒரு கொக்கி கேட்டா மூணு நாளா விடுகதை போடுத! மெயின் ரோட்டுல வேற பட்டறை இல்லேன்னு நெனைச்சியா?"

"ரெண்டு இருக்கு."

சொன்னதோடு நிற்கவில்லை. கொக்கியை எடுத்து ஜீப் ஸீட்டில் வைத்தாள். வண்டியைப் பின்னால் எடுக்கக் கைகாட்டவும் செய்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"இந்தா, ஒனக்க சுரண்டி."

"வச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

மெயின் ரோட்டுப் பட்டறையில் சுனில்ராஜ் என்றொருவன். தங்கமான பையன். "அரை மணிக்கூர் போதும்" என்றான். எதில் என்று கேட்கவில்லை. தாணுலிங்கத்துக்கு அவனைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது.

சுனில்ராஜ் குனிந்து பார்த்தான்.

"எப்பா! சேஸிஸ் என்னமா மின்னுது! இந்த ஒரு எடத்துலதான் எவனோ சுரண்டி நாசமாக்கியிருக்கான்."

தாணுலிங்கம் இடுப்பில் இருந்த சுரண்டியின் மேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"விடுங்க. பத்தவச்சிட்டு மேல ஒரு கறுப்பு அடிச்சா தெரியாது."

சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, கொக்கியை அங்கே பிடித்துப் பார்த்தான்.

"நாப்பது பெட்டியும் ஜம்முனு போவும் அண்ணாச்சி."

நாற்பது பெட்டி என்றதும் தாணுலிங்கத்தின் கை தானாகப் போயிற்று. பழக்கதோஷம். சாக்பீஸ் கோடுகளுக்கு நடுவே விரல் முட்டியால் தட்டினார்.

இரும்பு என்றால் கணீர் என்று கேட்க வேண்டும். 'பொத்' என்றது.

மண்ணில் மண்டியிட்டுக் காதை வைத்தார். இன்னொரு தடவை தட்டினார். உள்ளே ஏதோ பொடிப்பொடியாகச் சரிந்து விழும் சத்தம் கேட்டது. விழுந்துகொண்டே இருந்தது.

வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுனில்ராஜ் வந்தான். "கொஞ்சம் தள்ளுங்க."

தாணுலிங்கம் தள்ளவில்லை. இடுப்பில் செருகியிருந்த சுரண்டியை எடுத்து ஒரு குத்துக் குத்தினார். பிடிவரை உள்ளே போய்விட்டது. உருவிவிட்டு விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு கணு உள்ளே போயிற்று. சுற்றிலும் பெயிண்ட்தான் இருந்தது.

பேச்சிப்பாறைச் சாலையின் இறக்கம் கண்முன் வந்தது. ஜீப் ஒரு பக்கம், ட்ரெய்லர் ஒரு பக்கம். மூடி திறந்து உருளும் பெட்டிகள்.

சுனில்ராஜும் எட்டிப் பார்த்தான். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"இது ஒரு விசயமா அண்ணாச்சி? மேல ஒரு தகடு வச்சுப் பத்தவச்சிருவோம். பத்தே நிமிசம்."

தாணுலிங்கம் விரலை வெளியே எடுக்காமலே அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுல?" என்று கேட்டார்.